பத்து லட்சத்துக்கு மேலே

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேண்டாம். நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருற ஆளு, இன்னிக்கு அப்படித்தான் இருக்கு. பார்த்திபனூருக்கு எப்பப் போகும்னு கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன். நாலரைங்காரு. நாலரைன்னா பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அதுக்காகத்தான் கேட்டேன். வேற அவசரம் ஒண்ணும் இல்லை.

நீங்க எங்கே வேலை பாக்கீங்க? கூட்டுறவு பேங்கா. அப்போ மாசச் சம்பளம். பிப்ரவரி வந்தா வரியைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கையில தருவாங்களே, அந்தக் கூட்டம்தானே நீங்களும்? அப்படின்னா உங்ககிட்டச் சொல்லலாம். சொன்னாப் புரியும். எங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்ல முடியலை.

நான் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ்ல மேனேஜர். மேனேஜர்னா ஏசி ரூமெல்லாம் கிடையாது. ஆள் வந்தாச்சா, குச்சி வந்தாச்சா, லாரி ஏறியாச்சா, அதைப் பாக்கிற வேலை. வீட்டுக்காரி கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர். செண்பகவல்லி. வரலாறு எடுக்கா. முன்னாடி பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் எடுத்துக்கிட்டிருந்தா. இப்ப பிளஸ் ஒன், பிளஸ் டூ. இந்தப் பார்த்திபனூர்ப் பக்கம்தான் பள்ளிக்கூடம்.

கல்யாணம் ஆன புதுசுல இருந்து வரவு செலவு எல்லாம் நான்தான் சார். அவ சம்பளம் பேங்க்குக்கு வரும், கார்டு என்கிட்ட இருக்கும். அவளுக்கு எதுக்குக் கார்டு? பஸ்ஸுக்கு, ஸ்டாஃப் ரூம் டீச்செலவுக்கு, யாராவது டீச்சருக்கு வளைகாப்புன்னா அதுக்கு, கேட்டா கேட்டதைக் குடுப்பேன். ஏன் எதுக்குன்னு கேட்டதில்லை. நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அவளே வெளியே சொல்லுவா, 'எங்க வீட்டுல எல்லாம் அவங்கதான் பாத்துக்கிடுவாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு. பெருமையாத்தான் சொல்லுவா. நான் கேட்டிருக்கேன்.

வரியும் அப்படித்தான். பிப்ரவரி பிறந்ததும் பள்ளிக்கூடத்துல ஒரு ஷீட் கேப்பாங்க. வருஷத்துக்கு எவ்வளவு சம்பளம், எல்.ஐ.சி. எவ்வளவு, எவ்வளவு கழிக்கலாம், மிச்சத்துக்கு எவ்வளவு வரின்னு கட்டம் கட்டமா இருக்கும். ரசீதெல்லாம் எடுத்துக்கிட்டு நான்தான் போவேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல ஒரு அம்மா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கு. அது அடிச்சுத் தரும். வீட்டுக்குக் கொண்டாந்து எங்கே கையெழுத்துப் போடணும்னு நான் விரலை வச்சுக் காட்டுவேன். அவ போட்டுடுவா. ஒரு தடவைகூடப் படிச்சுப் பாத்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு வரியா? எனக்கு வரி கிடையாது சார். என் சம்பளத்துக்கு வராது. அதனால எனக்கு வரியைப் பத்தித் தெரியாதுன்னு ஆயிடுமா? டாக்டர் எல்லா வியாதியும் தனக்கு வந்து பாத்துட்டா வைத்தியம் பண்ணுதாரு?

கொஞ்சம் நகந்துக்கிடுங்க, பையை மேலே வச்சுக்கிடுதேன். கீழே வச்சா கால் இடிக்குது. பையில ஒண்ணுமில்லை. ஒரு மாத்துத் துணி.

மொத தடவை அவளுக்குப் பிரமோஷன் வந்தப்போ என் மக நித்திலா பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. போஸ்டிங் கடலாடிப் பக்கம். தினம் போய்ட்டு வர முடியாது. செண்பகவல்லியே சொல்லிட்டா, பிள்ளைக்குப் பரீட்சை, இப்ப வேண்டாம்னு. வேண்டாம்னா எழுதிக் குடுக்கணும். குடுத்தா அப்புறம் கொஞ்ச வருஷத்துக்குப் பட்டியல்ல பேர் வராது. எழுதிக் குடுத்தா. அப்பவும் நான் வரிக் கணக்கைச் சொன்னேன். 'உன் வருமானம் பத்து லட்சத்தை நெருங்கிக்கிட்டு வருது. தாண்டினா இருபது சதவீதம் முப்பதாயிடும். மொத்தத்துக்கும் முப்பது'ன்னு சொன்னேன். அவ தலையாட்டினா. அந்தத் தடவை அது காரணமே இல்லை. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்லி வச்சேன்.

ரெண்டாவது தடவை வந்தது சாத்தூர்.

ஆமா சார், சாத்தூர்தான். நீங்க என்ன நினைக்கீங்கன்னு தெரியுது. கோவில்பட்டியில பஸ் ஏறினா முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மகளும் அதுக்குள்ள காலேஜுக்குப் போய் ஹாஸ்டல்ல இருந்தா. எல்லாம் சரி. ஆனா வரின்னு ஒண்ணு இருக்குல்ல?

அன்னிக்குச் சாயந்திரம் அவ ஜாங்கிரி வாங்கிட்டு வந்தா. என்கிட்ட கேக்காம வாங்கினது, அதான் நினைவு இருக்கு. கையைக் கழுவாம எனக்கு ஒண்ணு எடுத்துத் தந்தா. நானும் தின்னேன். சந்தோஷமாத்தான் இருந்தது, இல்லேன்னு சொல்லலை. மறுநாள் ஆபீஸ்ல சொன்னேன், இப்படி வீட்டுல பிரமோஷன் வந்திருக்குன்னு. எங்க கேஷியர் காளிராஜன் இருக்கானே, அவன் எல்லாரும் இருக்கும்போது, 'அண்ணாச்சிக்கு இனி வேலை எதுக்கு, மதினி ஒரு மாசம் வாங்குறதை அண்ணாச்சி வாங்க நாலு மாசம் ஆகுமே'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது எனக்கு ஒண்ணும் இல்லை சார். வாரது நம்ம வீட்டுக்குத்தானே வருது. அன்னிக்கு மத்தியானம் நான் சாப்பாட்டைத் தொறக்கலை. அது வயிறு சரியில்லாம.

அன்னிக்கு ராத்திரிதான் காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்ப ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம். சாத்தூர் போனா வருஷத்துக்கு அறுபதாயிரம் கூடும். பத்தரை லட்சம் ஆச்சு. அதுக்கு முப்பது சதவீதம்னா மூணு லட்சத்துப் பதினஞ்சாயிரம். இப்பக் கட்டுறது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரெண்டு லட்சத்துக்கு மேலே நஷ்டம். அறுபதாயிரத்துக்கு ஆசைப்பட்டு ரெண்டு லட்சத்தைக் குடுப்பியா, நீயே சொல்லுன்னேன்.

அவ அந்தத் தாளை ரொம்ப நேரம் பாத்தா. மத்த டீச்சருங்கள்லாம் போறாங்களேன்னா. அவங்க வீட்டுல கணக்குப் பாக்க ஆள் இல்லைன்னேன். அப்படியான்னா. அவ்வளவுதான். நான் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலை சார், நல்லாக் கேட்டுக்கிடுங்க. கணக்கைத்தான் சொன்னேன். முடிவெடுத்தது அவ. மிச்ச ஜாங்கிரியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டா.

வேண்டாம்னு எழுதுற கடுதாசியை டைப் அடிக்க அதே சென்டருக்குத்தான் போனேன். அந்த அம்மா அடிச்சுக்கிட்டே ஏன் அண்ணாச்சி வேண்டாங்காங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். அது மெஷின்லேருந்து கையை எடுத்துட்டு, 'அப்படி இல்லை அண்ணாச்சி, மேலே போறதுக்கு மட்டும்தான்'னு என்னவோ சொல்ல ஆரம்பிச்சுது. எனக்கு அன்னிக்கு லோடு ஏத்துற வேலை. வெளியே வண்டி வேற வெயில்ல நிக்குது. அடிச்சுக் குடும்மான்னு வாங்கிட்டு வந்துட்டேன். அதெல்லாம் நின்னு கேக்க நேரம் ஏது?

திருச்சுழி வந்துடுச்சா? இல்லையா. இந்த ரோட்டுல எது எந்த ஊருன்னே தெரியலை, எங்கே பாத்தாலும் கருவேலம். நான் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வாரேன், இன்னும் பிடிபடலை. தண்ணி வச்சிருக்கீங்களா? குடுங்க. ஒரு மடக்கு போதும்.

அப்புறம் நாலு வருஷம் போல ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருந்தோம். மக படிச்சு முடிச்சு ஓசூர்ல ஒரு கம்பெனியில சேந்தா. போன வருஷம் ஒருநாள் போன் பண்ணினா. புனேக்குப் போகச் சொல்லுதாங்க, பெரிய பொறுப்பு, சம்பளம் இவ்வளவு கூடும், போகவான்னு அம்மாகிட்ட கேட்டா. நான் கட்டில்ல படுத்திருந்தேன். படுத்தவாக்குலயே சொன்னேன், வரிப் படி தாண்டும்னு சொல்லு, கூடுறதெல்லாம் வரியிலேயே போயிடும்னு சொல்லு, ஓசூரே போதும்னு சொல்லு.

அவளும் சொல்ல ஆரம்பிச்சா. 'நித்தி, அப்பா சொல்லுதாங்க, படி தாண்டினா'ன்னு அது வரைக்கும் சொன்னா. அப்புறம் நிறுத்திட்டா. நான் லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சுத் தலையைத் தூக்கிப் பாத்தேன். போனைக் காதுலதான் வச்சிருக்கா. சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கா. 'இரு, நான் பாத்துட்டுச் சொல்லுதேன்'னு வச்சுட்டா.

அவ பாத்துட்டுச் சொல்லுதாளாம்.

தன் விஷயத்துக்கு ஒருநாளும் பாக்காதவ சார். ரெண்டு தடவையும் நான் சொன்னதை அப்படியே கேட்டவ. மக விஷயம்னதும் பீரோவைத் தொறந்து பழைய ஷீட்டை எடுத்துட்டா. சாத்தூர் வந்த வருஷத்து ஷீட். எடுத்துக்கிட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்தவதான். அடுப்புல குழம்பு கிடக்கு. அடிப்பிடிக்கிற வாடை எனக்கே வருது. என்ன தேடுதேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா. அப்புறம் கூப்பிட்டா.

'இங்கே வாங்க. இது நான் கட்டின வரி. ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு இருபது சதவீதம்னா ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட வரணும். ஏன் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான் வந்திருக்கு?'

கவர்மெண்டுல ஏதாவது சலுகை குடுத்திருப்பான்னு சொன்னேன்.

'சலுகை இல்லீங்க. மொத ரெண்டரை லட்சத்துக்கு வரியே கிடையாது. அடுத்த ரெண்டரைக்கு அஞ்சு சதவீதம். அஞ்சு லட்சத்துக்கு மேலே இருக்கிறதுக்குத்தான் இருபது. இதே மாதிரி பத்துக்கு மேலே போனா, போன பணத்துக்கு மட்டும்தான் முப்பது. கீழே இருக்கிற பத்து லட்சம் அப்படியேதான் இருக்கும். அதை யாரும் தொடுறதில்லை.'

எனக்கு மொதல்ல விளங்கலை. சொல்லுததுக்கு என்ன. இருபதுன்னா இருபது, முப்பதுன்னா முப்பதுன்னுதானே இருக்கணும்? அவ அந்த ஷீட்டுக்குப் பக்கத்துலயே பென்சிலால எழுதிக் காட்டினா. பத்துக்கு மேலே போறது அம்பதாயிரம். அதுக்கு முப்பது சதவீதம் பதினஞ்சாயிரம். மிச்சப் பத்தாயிரத்துக்கு இருபது, ரெண்டாயிரம். ஆகப் பதினேழாயிரம், அதுக்கு மேல்வரி செஸ் கொஞ்சம். அறுபதாயிரம் கூட வந்திருந்தா பதினேழு போக மிச்சம் கையில இருந்திருக்கும். சாத்தூர்.

ஊர்ப் பேரை மட்டும் கடைசியில தனியாச் சொன்னா சார். 

நான் விடலை. அது பழைய கணக்கு, இப்ப படியெல்லாம் மாத்திட்டான், புதுசு வந்திருக்குன்னேன். அது உண்மைதானே, மாத்தித்தானே இருக்கான்? அவ என்ன சொன்னாங்கிறீங்க? 'படி மாறியிருக்கு. ஏறுற விதம் மாறலை'ன்னா. உடனே மகளுக்குப் போனைப் போட்டுப் புனேக்குப் போன்னு சொல்லிட்டா. புது படியை வச்சு எவ்வளவு பிடிப்பான், எவ்வளவு கையில வரும்னு எல்லாத்தையும் சொன்னா. அப்புறம் போய்க் குழம்புச் சட்டியைச் சுரண்டினா. எனக்குச் சோறு போட்டா. சண்டை போட்டிருந்தாத் தேவலை. நான் நாலு பதில் வச்சிருந்தேன்.

நான் சும்மா இருக்கலை. மறுநாளே முதலாளிகிட்டப் போய்க் கேட்டேன். ஏன்னா இது நானா இட்டுக்கட்டினது இல்லை சார். முதலாளி வாயாலே எத்தனையோ தடவை கேட்டது. ஒரு அளவைத் தாண்டினா மொத்தமும் போயிடும், தாண்டக் கூடாது, தாண்டக் கூடாதும்பாரு. அதுக்காகவே ஆபீஸை ரெண்டு பேருல நடத்தினவரு. அவர் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அது கம்பெனிச் சரக்குக்கு உள்ள வரிய்யா, விற்பனை அளவைத் தாண்டினா அதுவரைக்கும் குடுத்த சலுகை மொத்தமும் போகும், அந்தக் காலத்துக் கதை, அதையா டீச்சரம்மா சம்பளத்துக்குச் சொன்னீருன்னாரு. காளிராஜன் பக்கத்துல நின்னான். அதுக்கப்புறம் ஒரு வாரம் ஆபீஸ் பூரா அதே பேச்சு.

நீங்க சிரிக்கலையே? நல்லது.

பட்டியல்ல மூணாவது தடவை பேர் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அவ லீவு போட்டுப் பிரமோஷன் கவுன்சிலிங்குக்குப் போயிருக்கா. எனக்கு, ஸ்கூலுக்குப் போறான்னு நினைப்பு. நல்ல இடமெல்லாம் மத்தவங்க எடுத்துட்டாங்க போல. சாயந்திரம் ஆர்டரோட வந்தா. எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு, தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கிட்டு எதிர்ல உக்காந்தா. அப்படி எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சு நான் பாத்ததில்லை. எப்பவும் அடுப்படியிலேயே குடிச்சிடுவா. பார்த்திபனூர்ப் பக்கம், திங்கக்கிழமை சேரணும்னா.

எனக்கு வாயில வந்தது ஒரு வார்த்தைதான். 'வரி?'ன்னேன்.

'கட்டிக்கிடுதேங்க'ன்னா.

அவ்வளவுதான் சார் எங்க வீட்டுல நடந்த பேச்சு. அவ அண்ணன் வந்து பேசலை, மக வந்து பேசலை. ஞாயித்துக்கிழமை ஒரு பெட்டியும் ஒரு பாயும் எடுத்துக்கிட்டா. நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். பேங்க்குல புதுக் கார்டு எழுதிக் குடுத்து வாங்கிட்டா. பழசு என் சட்டைப் பையில கிடக்கு, வேலை செய்யாது. மாசம் பிறந்தா வீட்டுச் செலவுக்குன்னு எனக்குப் பணம் போட்டுவிடுதா. குறை சொல்லக் கூடாது, கேக்காமலே போட்டுவிடுதா. எனக்கு மெசேஜ் வரும். அந்த மெசேஜ் வாரப்போ காளிராஜன் பக்கத்துல இருந்தான்னா போனைக் கவுத்து வச்சிடுதேன்.

என்ன கேட்டீங்க? சமையலா? நான்தான். ரசம் வைக்கத் தெரியும். மிச்சத்துக்கு மெஸ்.

இங்கே அவளுக்கு மாடியில ஒரு ரூம். கூட ரெண்டு டீச்சருங்க. ஒரு வாரம் அவ வருவா, ஒரு வாரம் நான் வருவேன்னு பேச்சு. இப்ப அவ வாரது குறைஞ்சு போச்சு. சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸுங்கா. பிள்ளைங்களுக்குப் பரீட்சை, நிஜமாத்தான் இருக்கும். நான் வாரப்போ மாடிப்படியில ஏறும்போதே அவ சிரிக்கிற சத்தம் கேக்கும். மொத தடவை வேற யாரோன்னு நினைச்சேன். என்னைப் பாத்தா நிறுத்திடுவான்னுதான் எதிர்பாத்தேன். நிறுத்தலை. வாங்கன்னு சொல்லிட்டு மிச்சத்தையும் சிரிச்சு முடிச்சா. நிறுத்தியிருந்தாக்கூட எனக்கு ஒரு மாதிரி புரிஞ்சிருக்கும்.

இருங்க, நரிக்குடி வந்துடுச்சு. எத்தனை பேர் இறங்குதாங்க. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்குமோ? இதுவரைக்கும் வந்தது தெரியலை, இனிமேப்பட்டுத்தான் ஒரே ஓட்டமா ஓட்டுவான்.

விஷயத்துக்கு வாரேன். போன தடவை வந்தப்போ என்னைப் பஸ் ஏத்திவிட வந்தா. ஞாயித்துக்கிழமை சாயந்திரம். பஸ் ஸ்டாப்புல நிக்கோம். வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தந்தா, தின்னுக்கிட்டு நிக்கேன். எண்ணெயைத் துடைக்கத் தாளும் குடுத்துட்டு, சாதாரணமாக் கேட்டா. கோபமா இல்லை சார். பரீட்சைக்கு எந்தப் பாடம் வரைக்கும்னு பிள்ளைங்க கேக்குமே, அந்த மாதிரி.

'ஏங்க, சாத்தூர் வந்தப்போ உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? இல்லே, தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னீங்களா?'

வாயில பஜ்ஜி. பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன்.

அதுல இருந்துதான் இப்படி இருக்கு. தினம் போன் பண்ணுதா, சாப்டாச்சாங்கா, மாத்திரை போட்டாச்சாங்கா. அதை மட்டும் திரும்பக் கேக்க மாட்டேங்கா. கேட்டா ஏதாவது சொல்லிடலாம். கேக்காம இருக்கா. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கேன். நேத்து மதுரை லோடைச் சேலத்து லாரியில ஏத்தச் சொல்லிட்டேன், காளிராஜன்தான் பாத்து நிறுத்தினான். இன்னிக்குக் காலையில குளிச்சேன், ஆபீஸுக்குன்னு கிளம்பினேன், மத்தியானம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கேன். வாரேன்னு அவளுக்குச் சொல்லக்கூட இல்லை.

உங்களுக்குச் சொன்னாப் புரியும்னு சொன்னேன்ல. நீங்க பேங்க்குல இருக்கீங்க. ஒரு ஆளு உங்ககிட்ட இதை வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? உண்மையைச் சொல்லணுமா. எது உண்மை? எனக்குத் தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. முதலாளி சொன்னதை வச்சுச் சொன்னேன். அந்தச் சென்டர் அம்மா சொல்ல வந்தது வேற, அதை நான் கேக்கலையே. கேக்காதது எப்படித் தெரிஞ்சதுன்னு ஆகும்?

ஆனா தெரியாதுன்னு போய் நின்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. ஒண்ணும் தெரியாத ஒரு ஆளு விரலை வச்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுருக்கேனேன்னு நினைப்பா. இருபத்தஞ்சு வருஷம். வரி மட்டுமா? வீடு கட்டினது, நகையை வச்சது, மக படிப்பு, ஒண்ணொண்ணா எடுத்து யோசிப்பா. இதுவும் தெரியாமத்தான் சொன்னாரா, அதுவும் தெரியாமத்தான் சொன்னாரான்னு. அப்புறம் நான் அந்த வீட்டுல யாரு?

அதனால தெரிஞ்சுதான் சொன்னேன்னு சொல்லப் போறேன். அதைத்தான் முடிவு பண்ணி வச்சிருக்கேன். தெரியும், எனக்குக் கணக்கு நல்லாவே தெரியும், நீ தினம் பஸ்ல அலைய வேண்டாம்னுதான் அப்படிச் சொன்னேன்னு சொல்லிடுதேன். கோபம் வரும். வரட்டும். கோபம்னா என்னிக்காவது ஆறிடும். இது ஆறாது சார்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் சொல்லுததுல என்ன தப்பு?

அந்தப் பாலம் தாண்டினா ஊருதான். பையை எடுத்துக்கிடுதேன். கொஞ்சம் எந்திரிங்க. இல்லை, இருங்க, வண்டி நிக்கட்டும்.

அந்தா. ஸ்டாப்புல நிக்கா, பாருங்க. ஊதாச் சேலை. கூட நிக்கிறது ரூம்ல இருக்கிற டீச்சர். தோள்ல பை, கையில பேப்பர்க் கட்டு. அந்தப் பேப்பர்க் கட்டால அந்த டீச்சர் தோள்ல அடிச்சு என்னமோ சொல்லுதா. சிரிக்கா. இந்தப் பஸ்ஸைத்தான் பாக்கா. இல்லை, நம்மைப் பாக்கலை, பின்னாடி வார பஸ்ஸைப் பாக்கா. என்னை எதிர்பாக்க மாட்டாள்ல, இன்னிக்குப் புதன்கிழமை.

இல்லை சார், நீங்க உக்காருங்க. இறங்கலை. அந்த டீச்சரை வச்சுக்கிட்டு எப்படிப் பேச முடியும், நீங்களே சொல்லுங்க. இவ்வளவு பேர் நிக்கிற இடத்துல.

கண்டக்டர், இங்கே வாங்க. பரமக்குடிக்கு இன்னும் எவ்வளவு? இந்தாங்க. இல்லை, தூங்கலை, இறங்க வேண்டாம்னுதான். பரமக்குடியில இறங்கி ஒரு காப்பியைக் குடிச்சிட்டு வேற பஸ் பிடிச்சு வந்துடலாம். அதுக்குள்ள இருட்டிடுமோ? இருட்டினா நாளைக்கு வாரேன். இல்லேன்னா அடுத்த வாரம். பேச்சுத்தானே சார், எப்ப வேணும்னாலும் பேசிக்கலாம். அவ எங்கே போயிடப் போறா.